வடகிழக்கு மூலைச் செடி

கலஞ்சோச் செடியைக் கொல்லுவது தண்ணீர்தான். சொன்னால் எவனும் நம்புவதில்லை. எங்கள் ஊரில் செடி வாடினால் டப்பாவோடு தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவார்கள். இலை மஞ்சளாகித் தொளதொளவென்று தொங்கும். "தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டால், "கொஞ்சூண்டுதான்" என்பார்கள். பொய். விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே சேறு.

தண்டு கொக்குக் கழுத்து மாதிரி நீண்டால் வெயில் போதவில்லை. பூக்கவில்லை என்றால் ராத்திரியெல்லாம் விளக்கெரிகிற அறையில் வைத்திருக்கிறான். நீளமான இருட்டு கிடைக்காமல் அது மொட்டு வைக்காது. இலையிடுக்கில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி அடைந்தால் ரம்மில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அடித்தண்டு கறுத்துவிட்டால் ஒரே வழிதான். கறுப்புக்கு மேலே நறுக்கி, வெட்டுவாயைச் சில நாள் காயவிட்டு, மணலில் குத்த வேண்டும். வெட்டின இடம் சுத்தப் பச்சையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் அது பிழைக்காது.

என் மகன் தாஹிரி மலைப்பாறையிலிருந்து ஒரு தண்டை ஒடித்து வந்து பால்மாவு டப்பாவில் வைத்தான். பிறகு நீலக்கல் தோண்டத் தெற்கே போனான். "இது பூக்கறதுக்குள்ள வந்துடுவேன்பா" என்றான். அது பூத்தது. அடுத்த குளிருக்கும் பூத்தது. அவனோடு போன ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து, குழி சரிந்துவிட்டது, உள்ளே இருந்தவர்களை யாரும் தோண்டி எடுக்கவில்லை என்றான்.

"பொணத்தப் பாத்தியா?"

"இல்ல பெரியப்பா."

"அப்ப வாய மூடு."

தனியாகத் திரும்பி வருகிறவன் பேச்சை நான் நம்புவதில்லை.

அதற்குப் பிறகு என் மனைவி ராஸிலி அந்த டப்பாவை வீட்டின் வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோனாள். அது முன்னோர் மூலை. "பெரியவங்க பாத்துக்கட்டும்" என்றாள். அங்கே வடக்குச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற எங்கள் தீவில் குளிர்காலத்துச் சூரியன் வடக்கேதான் சாயும், வெயில் அதன் வழியாக நன்றாக விழும், அதனால் விட்டுவிட்டேன். தரை நனையக் கூடாதென்று டப்பாவுக்கு அடியில் ஒரு தட்டு வைத்தாள். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் யார் பாட்டிலைத் திறந்தாலும் முதல் மூடி ரம் அந்த மூலைக்குத்தான், முன்னோருக்கு. பிறகுதான் மனிதர் வாய்க்கு. நான் குடிப்பதில்லை, வயிறு கேட்காது. அவர்கள் ஊற்றும்போது நான் வாசலோரம் புகையிலையோடு உட்கார்ந்திருப்பேன். என் தாத்தா காலத்திலிருந்தே அந்த மூலையில் ரம் வாடைதான்.

இந்தக் குளிருக்குக் குடும்பக் கல்லறையைத் திறந்து, எங்கள் வழக்கப்படி உள்ளே இருக்கும் முன்னோர் உடல்களுக்குப் புதுத் துணி சுற்றுவதாக முடிவாயிற்று. என் தம்பி ராசிம்பா எல்லோரும் கூடியிருந்தபோது பேச்சை எடுத்தான்.

"அண்ணே, அதோட தாஹிரிக்கும் ஒரு கல்ல நட்டுடுவோம்."

உடல் கிடைக்காதவனுக்குத்தான் எங்களில் கல் நடுவது. நட்டுவிட்டால் செத்தவன் கணக்கு. பெண்டாட்டி வேறு ஒருத்தனைக் கட்டிக்கொள்ளலாம்.

"உயிரோட இருக்கறவனுக்கு எதுக்குடா கல்லு?"

"எத்தன நாளைக்குண்ணே இப்பிடியே..."

"அவன் வச்ச செடி நிக்குதுல்ல? அது செத்தா வா. அப்ப நடலாம் கல்லு."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். மூத்தவன் அப்படிச் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியாது.

கொஞ்ச நாளில் அடியிலைகள் மஞ்சளாயின. மழையில்லாத காலம். நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஆனால் மண் காயவே இல்லை. விரலை விட்டால் ஈரம்.

தாஹிரியின் பெண்டாட்டி, என் மருமகள் ஹாந்தா மேல்தான் எனக்குச் சந்தேகம். செங்கல் சூளைக்காரன் தெஜி யாரும் கூப்பிடாமலே செங்கல் தூக்கி வந்து எங்கள் பின்சுவரைக் கட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குடத்தை வாசலில் என் காலடிக்கே மாற்றி வைத்தேன். அப்படியும் ஈரம். அவளைக் கூப்பிட்டேன்.

"செடிக்குத் தண்ணி ஊத்துறியா?"

"நான் ஏன் ஊத்துறேன்? தொட்டா கைய ஒடிப்பேன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

"அது செத்தா உனக்குத்தான வசதி. தெஜி சும்மாவா கல்லு சுமக்கறான்?"

"சுவரு விழுந்து கெடக்குன்னு வர்றான். நீங்க தூக்கிருவீங்களா? தூக்குங்க. இன்னிக்கே அவன வரவேணாங்கறேன்."

வாய் மட்டும் குறைச்சலில்லை. அழவில்லை அவள். அழுதிருந்தால் பொய் என்று முடிவு கட்டியிருப்பேன்.

ராசிம்பா ஒரு நாள் காலையில் கல்லறை திறக்க நாள் குறித்துக்கொண்டு வந்தான். கையில் ரம் பாட்டில். வழக்கம்போல் மூலைக்குப் போனான். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் நானும் பின்னாலேயே போனேன். மூடியில் ரம் எடுத்துத் தரையில் ஊற்றினான். மறுபடி மூடியை நிரப்பி, டப்பாவுக்குள் ஊற்றினான்.

"டேய்! என்னடா பண்ற?"

"தாஹிரிக்குண்ணே" என்றான், சோற்றுக்கு உப்புப் போடுகிறவன் மாதிரி.

டப்பாவைப் பிடுங்கினேன். தட்டு நிறைய ரம். செடியைப் பிடித்து இழுத்ததும் வேர் கூழாக வந்தது. அந்த வாடை என் கண்ணைக் கரித்தது.

"வேற யாரெல்லாம் ஊத்துறீங்க?"

ஹாந்தாதான் சொன்னாள்.

"வர்றவங்க எல்லாருந்தாம்ப்பா. தரையில பெரியவங்களுக்கு. டப்பாவில அவருக்கு."

"நீயுமா?"

"நானுந்தான்."

"அவள ஏன் கேக்குறீங்க?" என்று அடுப்படியிலிருந்து ராஸிலி வந்தாள். கை முழுக்கச் சாம்பல். "மொதல்ல ஊத்தினது நான். கனவுல வந்தான். குளிருதும்மான்னான். துணி சுத்தறதுக்கு ஒடம்பா இருக்கு? ரம்மாச்சும் சூடா இருக்கட்டும்னு ஊத்தினேன்."

எங்களில் செத்தவர்கள்தான் கனவில் வந்து குளிருகிறது என்பார்கள். உயிரோடிருப்பவன் அப்படி வந்ததாக நான் கேட்டதில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? நீங்க இதுவர எதத்தான் நம்பியிருக்கீங்க, தாஹிரி அப்பா?"

ஊரே என் வீட்டுக்குள் வந்து, என் முதுகுக்குப் பின்னால் அவனை அடக்கம் பண்ணி முடித்திருக்கிறது.

கத்தியை எடுத்தேன். கறுப்புக்கு மேலே வெட்டினேன். நடுவில் பழுப்பு. இன்னும் மேலே வெட்டினேன். பழுப்பு. கத்தியைத் துடைத்துத் துடைத்து, கட்டைவிரல் அளவு துண்டு துண்டாக, கணுவுக்குக் கணு வெட்டிக்கொண்டே போனேன். கடைசியில் உச்சியில் இருந்த ரெண்டு இலை மட்டும் என் கையில் நின்றது. வெட்டுவாயை ஜன்னலில் காட்டினேன். நடுவில் ஊசி முனையளவு பழுப்பு.

"போதும்ண்ணே" என்றான் ராசிம்பா.

செடி செத்தால் கல் நடலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் அது ஞாபகம் இருந்தது.

"தெஜி வந்தா சுவர முடிச்சுட்டுப் போகச் சொல்லு" என்றேன் ஹாந்தாவிடம். அப்போதுதான் அவள் அழுதாள்.

பாட்டிலை வாங்கினேன். டப்பா இருந்த இடத்தில் தரையில் ஒரு ஈர வட்டம் கிடந்தது. மூடி நிறைய ஊற்றி அதன் நடுவில் கவிழ்த்தேன். பாதி என் காலில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது.

"கல்ல எங்கண்ணே நடலாம்?" என்று ராசிம்பா மெதுவாகக் கேட்டான்.

"மேடாப் பாரு. தண்ணி தேங்கக் கூடாது. வடக்கு வெயிலு நல்லா விழணும்."