சிப்பாய் வேஷம்

நெய்வேலியில் பாலைவனத்துக்குப் பஞ்சமில்லை. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டைக் காட்டி, "இதுதான் பாய் சிரியா" என்று பாத்திரக்கடை பரீத்திடம் சொன்னாள் ஹரிணி. சினிமா படித்துவிட்டு வந்த குவார்ட்டர்ஸ் பெண். 1915இல் துருக்கியை ஆண்ட உஸ்மானிய அரசு ஆர்மீனியக் கிறிஸ்தவர்களைச் சிரியப் பாலைவனத்துக்கு விரட்டிக் கொன்றதைக் குறும்படமாக எடுக்கிறாள். விரட்டப்படுகிறவர்களாக நடக்க, பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்யும் பெண்கள் வந்திருந்தார்கள். விரட்டும் சிப்பாய், பரீத். நல்ல உயரம், முறுக்கு மீசை. அதற்குமேல் அவனிடம் நடிப்பு என்று ஒன்றும் கிடையாது.

வீட்டில் மனைவி நசீமா பிடித்துக்கொண்டாள். "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு துருக்கிக்காரங்க சொல்றாங்களேங்க. கொலைகாரன்னா நம்மாளத்தான் காட்டணுமா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு கடையில ஒக்காருவீங்க?"

பரீத் செல்போனில் தேடித் தேடிப் படித்தான். மறுப்பவர்கள் இன்றைக்கும் மறுக்கத்தான் செய்கிறார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் சொன்னதைப் படித்த பிறகு அவனால் மறுக்க முடியவில்லை. ஆர்மீனியப் பிள்ளைகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய முஸ்லிம்களும் உண்டு என்று படித்தபோதுதான் மூச்சு வந்தது.

"நான் அப்படிக் காப்பாத்தின ஆளா நடிக்கிறேம்மா" என்று ஹரிணியிடம் சொன்னான். அதுவும் உண்மைதான் என்பதால் ஹரிணி அப்படி ஒரு காட்சியைச் சேர்த்தாள்.

சிப்பாய் வேஷத்துக்கு ராஜ்மோகன் தானாகவே வந்தார். சுரங்கத்தில் பெர்மனென்ட், கிளப் நாடகங்களில் எமனும் அவர்தான். கொடுத்த காக்கி உடுப்பு அவருக்குப் போதவில்லை. தலையில் வலைத்தொப்பி, கண்ணில் சுர்மா மை, கழுத்தில் தாயத்து. தடியைச் சுழற்றிக்கொண்டு கடைத்தெரு பாய் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹரிணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பரீத்துக்குச் சுருக்கென்றது. இவரிடம் விட்டால் கொலை மறந்துபோகும், தொப்பிதான் மிஞ்சும்.

"சார், அந்தத் தடிய இப்படிக் குடுங்க."

அவன் கத்தவில்லை, கண்ணை உருட்டவில்லை. ஷிப்டுக்குப் போகிறவன் மாதிரி பெண்களுக்குப் பின்னால் நடந்தான். அவர்களில் ஒருத்தியான தேவயானி நிஜமாகவே இடறி விழுந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பரீத் அவளைக் குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போனான்.

ஹரிணி "கட்" சொன்னதும் ஓடிவந்து கை நீட்டினான். தேவயானி சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டாள். பிறகுதான், "நீங்களா பாய்" என்று கையைப் பிடித்து எழுந்தாள்.

சாயங்காலம் நசீமா கேட்டாள். "நல்லவன் வேஷம் எப்படி இருந்துது?"

"அத ராஜ்மோகன் சார் பண்றாரு."

"அப்ப நீங்க?"

"சிப்பாய்தான்" என்றான் பரீத். "அவரு பண்ணா அவன் நம்ம ஊரு பாயாயிடறான் நசீமா. நான் பண்ணாத்தான் சிப்பாயா இருக்கான்."