மடித்து மாட்டிய ரிப்போர்ட்

போல்ட் ஃபேக்டரியில் முப்பது வருஷமாக அளவு சரிபார்க்கும் அந்த மனுஷனுக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் இஞ்ச் டேப். வீட்டுக்கு வந்தாலும் அந்த டேப்பைச் சுருட்டி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கணவன் மனைவி இருவரின் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வந்த அன்று, முதல் வரியை மட்டும் பார்த்தார். மொத்தக் கொலஸ்ட்ரால் அவருக்கு நூற்று எண்பத்தெட்டு, மனைவிக்கு இருநூற்று முப்பத்தாறு. இருநூறுக்குள் இருந்தால் பாஸ், தாண்டினால் கழிவு. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இரண்டு தாள்களையும் முதல் வரி மட்டும் தெரிகிற மாதிரி மடித்து, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினார். மனைவியின் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு பட்டியல்: வெண்ணெய் கூடாது, வறுவல் கூடாது, தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும். தன் தையல் கடைக்கு நடந்தே போய் நடந்தே வருகிறவளுக்கு நடையைப் பற்றிப் பாடம் எடுத்தார், தெருமுனையில் சிகரெட் வாங்கவே வண்டியை எடுக்கிற மகானுபாவர். அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, அவளைக் காப்பாற்றுகிற முகத்தோடு தின்று தீர்த்தார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெளியூரில் மகளுக்கு ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். மனைவி சனிக்கிழமை ரயிலில் போய் மூன்று மாதம் கூட இருக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். பெட்டியும் கட்டியாகிவிட்டது.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடு. இந்த நம்பரை வச்சுக்கிட்டு நீ எங்க போறது? வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

பாவம், பயந்துபோய்ச் சொல்கிறாரோ என்று ஒரு நொடி அவளும் இளகினாள். அடுத்த பேச்சிலேயே மனுஷனின் சாயம் வெளுத்தது.

"அதோட, மூணு மாசம் எனக்கு யாரு சமைக்கிறது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாள்களை உருவிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினாள். தன் தீர்ப்பை டாக்டர் வாயாலும் கேட்கிற ஆசையில் அவரும் கூடவே வந்தார். கிளினிக் மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, "கேஸ் ட்ரபிள்" என்றார்.

டாக்டரம்மா முதல் வேலையாகத் தாள்களின் மடிப்பைப் பிரித்தார்.

"அம்மா, மொத்தத்தை மட்டும் பார்த்தா போதாது. உங்களுக்கு ஹெச்.டி.எல்., அதாவது நல்ல கொலஸ்ட்ரால், தொண்ணூத்திரெண்டு இருக்கு. அதான் மொத்தமும் ஏறித் தெரியுது. கெட்டது நூத்தியிருபத்திரெண்டு, சாப்பாட்டுலயே கொஞ்சம் குறைச்சுக்கலாம். பிரஷர், சுகர் ரெண்டும் சரியா இருக்கு. தாராளமா மகளைப் பார்க்கப் போங்க."

அடுத்த தாளைப் படித்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"சார், உங்களுக்கு நல்லது வெறும் இருபத்தெட்டு. குறைஞ்சது நாற்பது வேணும். அது இவ்வளவு குறைவா இருக்கிறதாலதான் மொத்தம் அழகாத் தெரியுது. படி ஏறினா நெஞ்சு அடைக்குதா?"

"கேஸ்..."

"அதை டெஸ்ட் சொல்லட்டும்."

அன்றைக்கும் மறுநாளும் பரிசோதனைகள் நடந்தன. வராந்தாவில் காத்திருந்தபோது அவள் வேண்டாத தெய்வம் இல்லை. திட்டுவதற்காவது இந்த ஆள் வேண்டுமே என்று தோன்றியது. இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் லேசான அடைப்பு; உடனடி ஆபத்து இல்லை. மாத்திரை, வாய்க்கட்டு, சிகரெட்டுக்கு முழுக்கு, தினமும் மெதுவான நடை என்று சொல்லி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை பெட்டியை எடுத்தவளை வாசலிலேயே மறித்தார் இஞ்ச் டேப்.

"இப்ப நான்தான் பேஷண்ட். என்னை விட்டுட்டு எப்படிப் போவ?"

"உங்க தம்பி மாடியிலதான இருக்கார்? தினமும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கேன்."

"சாப்பாடு?"

அவள் ஃபிரிட்ஜ் அருகே திரும்பிப் போனாள். அவருடைய ரிப்போர்ட்டை மடிப்பில்லாமல் விரித்து மாட்டி, அதன் பக்கத்தில் அந்தப் பட்டியலை நகர்த்தி வைத்தாள்.

"என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. காய் வாங்க மார்க்கெட்டுக்கு நடந்து போங்க. போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம்."

வண்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் ரயிலுக்குப் புறப்பட்டாள்.