சிவசைலம் எழுதிய சாரல்

1983 பங்குனியில், குற்றாலத்து அருவிகளில் வெறும் பாறை தெரிந்துகொண்டிருந்தபோது, இலஞ்சியில் சிவசைலத்தின் வீட்டின் மேலும் அதை ஒட்டிய தோப்பின் மேலும் மட்டும் சாரல் விழத் தொடங்கியது. பக்கத்து வீட்டு மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. தென்காசியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சிவசைலம், தோப்பு மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்பதற்காக ஒரு சிப் வரவழைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் அதன் நினைவுக்குள் எண் எண்ணாக எழுதியிருந்தான். அந்த நினைவில் ஆயிரத்துச் சொச்சம் அறைகள். எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குகிற குடும்பம். முதல் அறையை அதற்குக் கொடுத்துவிட்டான். சிப் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்கும் என்பது அவனுக்குத் தெரியும். பிள்ளையாரைப் பின்னால் உட்காரவைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். மோட்டார் அசையவில்லை, சாரல் வந்தது.

வயரைக் கழற்றியும் நிற்கவில்லை. சிப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் கடைமேல் பெய்தது. உடைத்தால் என்ன ஆகுமோ என்று பயந்தான். அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியே பத்து நாள் நல்ல வெயில் விழுந்தால் எழுதியது அழியும். மழை நிற்க வெயில் வேண்டும், வெயில் வர மழை நிற்க வேண்டும். மூன்று மாதம் ஈரச்சேலை கட்டிய அவன் பெண்டாட்டி முத்துவடிவு, "அத அழிச்சிட்டு வந்து கூப்புடுங்க, வாரேன்" என்று திருவேங்கடம் ஊரில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெண்டாட்டியும் வெயிலும் ஒரே ஊரில் இருந்ததால் சிவசைலமும் அங்கே போனான். சாரலும் கூடப் போனது. மழைக்கு மானம் பார்த்த கரிசல்காட்டுக்காரர்கள் பஸ் ஸ்டாண்டிலேயே அவனை மறித்து, "அண்ணாச்சி, இங்கனயே இருந்துருங்க" என்று ஒரு வீடும் கொடுத்தார்கள். சிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாளுக்கொரு காடாக அவன் நடக்க முறை வைத்தார்கள். முத்துவடிவு இரண்டு தெரு தள்ளி, காய்ந்த சேலையில், பேசாமல் இருந்தாள். அவள் இல்லாத சோறு அவனுக்கு ஒன்றரை வருஷமாக இறங்கவில்லை.

1985 தையில் பம்பாயிலிருந்து வந்த சிநேகிதன் அகமது கபீர் ஒரு புற ஊதா விளக்கு கொண்டுவந்தான். வெயிலுக்குப் பதிலாக அதைச் சிப்பின் ஜன்னலில் இருபது நிமிஷம் காட்டினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். சிவசைலம் ஆள் அனுப்பி முத்துவடிவை வரவழைத்தான். ஊரே வாசலில் நனைந்துகொண்டு நின்றது. "நீயே போடு" என்று சுவிட்சைக் காட்டினான். போட்டாள். விளக்கு எரிந்தது. அவள் ஜன்னல் வழியே தன் அப்பாவின் காட்டைப் பார்த்தாள். உளுந்து இடுப்பளவு நின்றது.

"எங்கய்யா காட்டுல இம்புட்டுப் பச்சைய நான் பாத்ததேயில்ல" என்றாள். நாலாவது நிமிஷம் விளக்கை அணைத்தாள். "சேலதான? ஈரமாவே கெட்டிக்கிடுதேன்."

நாலு நிமிஷத்தில் அழிந்தது எதுவென்று யாரும் சோதிக்கவில்லை. சாரல் சற்று மெலிந்ததாகச் சிலர் சொன்னார்கள். மறுநாள் முறை வடக்குக் காட்டுக்கு. இரண்டு பேரும் ஒரே குடையில் போனார்கள்.