இல்லாத விதிக்கு விலக்குக் கோரி

1

இதை நான் முதலில் எழுதியது கதையாக அல்ல, விண்ணப்பமாக. 1996 மார்ச்சில், விஸ்கான்சினின் வடக்கு மூலையில் ஒரு சின்னப் பள்ளி மாவட்டத்தில் எழுத்தராக இருந்தேன். பள்ளியிலிருந்து பிள்ளைகளை நேரே தொழிலுக்கு அனுப்பும் திட்டம் அப்போது புதிது. குறுக்கே நிற்கும் விதி எதுவானாலும் எழுதிக் கேளுங்கள், விலக்குத் தருகிறோம் என்றது அரசாங்கம். கேட்பதற்கு ஏழு பக்கப் படிவம். அதில் நான் நிரப்பியதைவிடப் பெரிய புனைவை இன்றுவரை எழுதியதில்லை.

2

தொடக்கங்கள்:

"பனி உருகத் தொடங்கிய அந்தக் காலையில் ட்வைலா ஹாகன்—"

(பனி வேண்டாம். பனியைக் கண்டதும் வாசகர் இரக்கப்படத் தயாராகிவிடுவார்.)

"பதினேழு வயதில் ஒருத்தி பிறருடைய வாயைப் பற்றி—"

(இது அதைவிட மோசம்.)

விஷயம் இவ்வளவுதான். மெர்ல் ஸ்டோடோலாவின் பல் செட் பட்டறையில் ட்வைலா நூற்று நாற்பது மணி நேரம் பயிற்சி எடுத்திருந்தாள். அதை ஒரு பாடமாக ஏற்றுக்கொண்டால் மே கடைசியில் பள்ளிச் சான்றிதழ். சான்றிதழோடு ஜூன் மூன்றாம் தேதி போனால் மாநிலத் தலைநகரில் பல் செட் தொழிற்படிப்பில் ஓர் இடம். போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

குறுக்கே நின்ற விதி: ஒரு பாடத்துக்கு மாணவர் நூற்றிருபது மணி நேரம் வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டும்.

3

பள்ளிக் கண்காணிப்பாளர் ராய்ஸ் ட்வெட்டின் அறையில் மெர்ல் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"உட்காரணும், அவ்ளோதானே? என் பட்டறையிலயும் அந்தப் பொண்ணு உட்கார்ந்துதான்யா வேலை பாக்குது. ஸ்டூல் போட்டிருக்கேன்."

"ஸ்டூல் கணக்குல வராது மெர்ல்."

"ஏன், முதுகு சாஞ்சாத்தான் மூளைக்கு ஏறுமோ?"

"விதியை நானா எழுதினேன்?"

"பின்ன யாருய்யா எழுதினது?"

ட்வெட் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் 'சட்டப் பிரிவு எண்' என்று ஒரு கட்டம். எங்கள் மாவட்டக் கையேட்டில் அந்த விதிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலில் 44-7 என்று கிறுக்கியிருந்தார்கள். அதையே நிரப்பினேன்.*

* சரிபார்த்திருக்கலாம். சட்டப் புத்தகம் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அறையில் எல்லோரும் பேசாமலிருந்தார்கள். பேசாமலிருப்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

4

மே இருபதில் அரசாங்கத்தின் பதில் வந்தது: பிரிவு 44-7 பள்ளிக் கழிப்பறைகளில் கைகழுவும் தொட்டிகளின் எண்ணிக்கை பற்றியது. மாணவர் அமர்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இல்லாத விதிக்கு விலக்களிக்க எங்களுக்கு அதிகாரமில்லை. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

நான் சிரித்துவிட்டேன். ட்வெட் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"நிராகரிச்சுட்டாங்க. அப்ப விதி நிக்குது."

கதவருகே நின்ற ட்வைலாவின் நகங்களில் வெள்ளைப் பிளாஸ்டர் காய்ந்திருந்தது. "சார், இல்லாத விதி எப்படி சார் நிக்கும்?"

"இல்லேன்னா எதுக்கும்மா விலக்குக் கேட்டோம்?"

இவ்வளவு சுத்தமான தர்க்கத்தை நான் எந்தத் தத்துவப் புத்தகத்திலும் கண்டதில்லை.

5

ட்வெட்டைக் கொடியவராக்க மூன்று முறை முயன்றேன். [இங்கே அவருக்கு நோயாளி மனைவி ஒருத்தியை— அடித்துவிட்டேன்.] கொடுமை செய்யவும் மனிதருக்குக் கொஞ்சம் ஊக்கம் வேண்டும். அவரிடம் இருந்தது கணக்குத் தணிக்கைக்காரர்கள் மேலான பயமும் ஒரு கோப்பும். என்னிடமும் அதேதான். நான் அதை நல்ல நடையில் எழுதுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

6

முடிவுகள் இரண்டு கைவசம் உள்ளன. ஒன்றில் எங்கள் மாவட்டக் கல்விக் குழு வாய்விட்டுச் சிரித்து அந்தக் கையேட்டுப் பக்கத்தைக் கிழிக்கிறது. ட்வைலா தலைநகருக்குப் பஸ் ஏறுகிறாள். மற்றதில் கோடை முழுக்க ஆளற்ற வகுப்பறையில் நூற்றிருபது மணி நேரம் அமர்கிறாள். தலைநகரில் அவளுடைய இடத்தில் வேறு யாரோ கற்றுக்கொள்கிறார்கள். முதலாவதைப் பொய் என்பீர்கள். இரண்டாவதை இலக்கியம் என்பீர்கள். இரண்டையும் தர மாட்டேன். மே இருபத்தெட்டாம் தேதி குழுக் கூட்டத்தின் குறிப்பேட்டைத் தருகிறேன். அதை எழுதியவனும் நான்தான்.

ஐந்து உறுப்பினர்கள். ஒட்டிலி பிராண்ட்வோல்ட் அம்மா எழுந்தார்.

"சட்டத்துல இல்லேன்னா அது நம்ம வீட்டு விதி. வீட்டு விதியை நாமளே மாத்திக்கலாம், அதுக்கு எதுக்குத் தலைநகரம்? அந்தப் பொண்ணோட மணி நேரத்தை ஏத்துக்கணும்னு முன்மொழியிறேன். இப்ப நான் பேசிட்டிருக்கிற பல்லு அது செஞ்சதுதான். ஆடுதான்னு வேணா வந்து பாரு ராய்ஸ்."

யாரோ சிரித்தார்கள்.

"வழிமொழியிறது யாரு?" என்றார் தலைவர்.

மற்ற மூன்று உறுப்பினர்களும் ட்வெட்டைப் பார்த்தார்கள். ட்வெட் காகிதத்தைப் பார்த்தார். வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் வாக்கெடுப்புக்கே போகாது. எழுத்தருக்கு அங்கே பேச அனுமதியில்லை. கடைசி வரிசையில் ட்வைலா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தலைவர் இரண்டாம் முறை கேட்டார்.

மூன்றாம் முறை கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அதற்குள் ஒரு பெயரை எழுதுங்கள். உங்களுடையதானாலும் சரி.

முன்மொழிந்தவர்: ஒ. பிராண்ட்வோல்ட்

வழிமொழிந்தவர்: