பிரஷர் போட்டாச்சு

"வளையலை ஒடைக்காதீங்க, கொஞ்சம் இருங்க" என்றாள் ரோசம்மாள்.

அக்னஸின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"சோப்பு போட்டும் வரலைங்க. எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வளைகாப்பன்று நாத்தனார் முறைக்கு அவள்தான் அந்தக் கண்ணாடி வளையல்களைப் போட்டுவிட்டாள். அப்போது கையைத் தூக்கினால் கலகலவென்று முழங்கை வரை ஓடின. இப்போது நகம்கூட நுழையவில்லை.

நல்லபடியாகத்தான் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று விடிந்ததும் கைகால் இழுத்து, டாக்ஸி ஜங்ஷனைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையோடு. சும்மா இப்படி வீங்குமா?

வாசலில் ரோசம்மாளின் புருஷன் தைரியராஜ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன சொல்ற? ஸ்டேஷனுக்குப் போகவா?"

"போனா அறுப்பாங்களேங்க."

"அறுத்தாத்தானே என்னத்தக் குடுத்தாங்கன்னு தெரியும். சவப்பெட்டி வந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

அவள் தம்பி விக்டர் சுவரோரம் குந்தியிருந்தான். பட்டறையிலிருந்து அப்படியே வந்தவன், காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சமையலறையில் அக்னஸின் தாய் அற்புதம்மாள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் தீ இல்லை.

"நேத்து அவளுக்கு என்ன குடுத்தீங்க அத்தை?"

"ரசஞ்சோறு. பாதி வெச்சுட்டா. தலைய வலிக்குது, கண்ணுல பூச்சி பறக்குதுன்னா. சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டேன்."

"கஷாயம்?"

"சீரகத் தண்ணி."

"வேற ஒண்ணும் இல்லையா?"

ரோசம்மாள் அலமாரியிலிருந்து ஒரு சீசாவை எடுத்து மூடியைத் திறந்து மோந்தாள். விளக்கெண்ணெய்.

அற்புதம்மாள் எழுந்து வந்து இன்னொரு சீசாவை அவள் பக்கம் நகர்த்தினாள். "இதையும் மோந்துடுங்க. ஓமத்தண்ணி. மனசுல வெச்சுக்கிட்டுப் போகாதீங்க."

"கையெல்லாம் வீங்கியிருக்கே அத்தை. கேக்க மாட்டாங்களா?"

"கொஞ்ச நாளாவே அப்படித்தான். பொறந்த வீட்டுச் சோறு ஒட்டுது, பொண்ணு பூசினாப்பல ஆயிட்டான்னு தெருவே சொல்லுச்சு. நானும் சந்தோஷமா இருந்தேன்."

"நர்சம்மா யாரும் இந்தப் பக்கம் வர்றதில்லையா?"

"வந்தாங்களே, சந்திரம்மா நர்சு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வராங்கன்னு பாதிப் பேரு கதவே தொறக்கல. நான் தொறந்தேன். பொட்டிய எடுத்து வெச்சாங்க, அக்னஸும் கைய நீட்டிட்டா. நான்தான் வேணாம்னுட்டேன்."

பிடி கிடைத்துவிட்டது. "ஏன் வேணாம்னீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க. வளைகாப்பு அன்னிக்கு. 'எங்க அரியமங்கலத்துலயே ஊசியும் போட்டாச்சு, பிரஷரும் போட்டாச்சு, கவலையில்லாமக் கூட்டிட்டுப் போங்க'ன்னு. போட்டதையே மறுபடி போட்டா புள்ளைக்கு ஆகாதோன்னு பயந்துட்டேன்."

ரோசம்மாள் சீசாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திருகினாள்.

சொன்னது உண்மைதான். நாலு பேர் கேட்கச் சொன்னாள். அரியமங்கலத்து நர்ஸ் கையில் ரப்பர்த் துணியைச் சுற்றியபோது அக்னஸின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதும் அவள்தான். துணி உப்பி, இறுகி, மெல்லத் தளர்ந்தபோது ஏதோ மருந்து உள்ளே இறங்குவதாகத்தான் அவளும் நினைத்தாள்.

வெளியே வந்தாள்.

"என்னடி, போகவா?" என்றார் தைரியராஜ்.

"சைக்கிளை நிறுத்துங்க."

"என்னதான் சொன்னாங்க?"

அவள் தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டுச் செல்லக்கிளி வாசற்படியைத் தாண்டாமல் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்கு வரக்கூடாதென்று மாமியார் தடுத்திருந்தாள். செல்லக்கிளியைப் படியில் உட்காரவைத்து, சந்திரம்மா நர்ஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"இவளுக்கு ஏற்கெனவே போட்டாச்சா?" என்று ரோசம்மாள் கேட்டாள்.

"போன மாசம் பாத்தேன்."

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு?"

"போன மாசம் பாத்தது போன மாசத்தோட சரிங்க. பிரஷர் மாறிக்கிட்டே இருக்கும்." நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் துணியைச் சுற்றினாள். "இந்தப் பக்கம் பூராவுக்கும் மிஷின் இது ஒண்ணுதான். அன்னிக்கு அந்தம்மா வேணாம்னதும் அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

ரோசம்மாள் குனிந்து, செல்லக்கிளியின் நீட்டிய கையைத் தாங்கிப் பிடித்தாள். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது.

பின்னால் கைவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. சவப்பெட்டி வந்துவிட்டது. யாரோ விக்டரைக் கூப்பிட்டார்கள்.

"இவ்ளோ இறுக்கிப் பிடிக்காதீங்கம்மா" என்றாள் நர்ஸ்.

ரோசம்மாள் கையை எடுத்தாள். செல்லக்கிளியின் மணிக்கட்டுக்கு மேலே அவள் கட்டைவிரல் அழுந்திய இடம் சின்னக் குழியாக இருந்தது.

"ரோசு, வா" என்றார் தைரியராஜ் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து.

இவளுக்கும் வீக்கமோ? அந்தக் குழி நிரம்பி மறையட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.