தென்னந்தடியில் ஒற்றைக் கால்

எழுபத்து மூன்று வயதில், பொங்கி ஓடும் வாய்க்காலுக்கு மேலே ஒற்றைக் காலில் நின்று, யானை எடையுள்ள என் மைத்துனனைக் கரை சேர்த்தவன் நான். எங்கள் ஊரான கம்பத்தில் இதைச் சொன்னால் டீக்கடை பெஞ்சுகூடச் சிரிக்கிறது.

பாத்ரூமில் ஒருமுறை வழுக்கி விழுந்த பிறகு, பிசியோதெரபி செய்கிற கயல், தினமும் பல் துலக்கும்போது சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். வருடக்கணக்காக நிற்கிறேன். இப்போதெல்லாம் வருசநாட்டுக் கொக்குகள் என்னிடம் பாடம் கேட்டுப் போகின்றன. மைத்துனன் சுருளிராஜனுக்கு மட்டும் கேலி. "மச்சான், மீனு சிக்குச்சா?" என்பான்.

ஆடிக் காற்றில் ஒரு நாள் இருவரும் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். வாய்க்காலின் குறுக்கே கிடந்த தென்னந்தடிதான் பாலம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அதில் ஏறுவார்கள்.

"செருப்பக் கழட்டு மாப்ள."

"சுகர் காலு மச்சான். டாக்டர் வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

"அப்ப ரோட்டுப் பாலத்துக்குச் சுத்திப் போவோம்."

"பயமா இருந்தா நீங்க சுத்தி வாங்க."

போனான். நடுத்தடியில் நின்றான். செருப்பு தடியின் வெடிப்பில் சிக்கிவிட்டது. பின்வார் குதிகாலை விடவில்லை. கீழே அணை திறந்த தண்ணீர். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"மச்சான்..."

அந்தக் குரலில் கேலி இல்லை. கண்ணை இறுக மூடியிருந்தான்.

செருப்பை உதறிவிட்டு ஏறினேன். தடி ஒரு பாத அகலம். குனிந்தால் இருவரும் தண்ணீரில். பின்னாலிருந்து அவன் பெல்ட்டைப் பிடித்தேன். இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கி, கட்டைவிரலால் வாரை நெம்பினேன். அசையவில்லை. கேரள மலையைப் பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல் ஒரு காற்று அடித்தது. தடி ஆடியது. ஊன்றிய இடது கால் வழுக்கினால் அவ்வளவுதான்.

"செத்தோம் மச்சான்!"

"சாகுறத நாளைக்கி வச்சுக்குவோம். மூச்ச விடு. குதிகால மெல்லத் தூக்கு."

தூக்கினான். வார் வழுக்கியது. பாதம் வெளியே வந்தது. இஞ்சு இஞ்சாக அவனைத் தள்ளிக்கொண்டு அக்கரையில் போட்டேன்.

மூச்சு வந்ததும் வாயும் வந்தது. "நானாத்தான் உருவுனேன். நீங்க சும்மா பின்னால நின்னீக."

நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

சுகர்க்காரர்கள் வழக்கப்படி, காயம் உண்டா என்று குதிகாலைத் திருப்பிப் பார்த்தான். ரத்தம் இருந்தது. துடைத்தான், கீறலே இல்லை. பிறகு என் வலது காலைப் பார்த்தான். வாரின் கொக்கி பட்டுக் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

துண்டைக் கிழித்து அந்த விரலில் கட்டினான்.

"நெசந்தான் மச்சான். ஒத்தக் கால்லதான் நின்னீக."