தொட்டியைத் திறந்துவிட்ட டீச்சர்

மகள் சிட்டுவுக்கு குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் திணறிக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் அவள் பள்ளிப் பிள்ளை. தரையில் விரித்த பாயில் அவள் வகுப்புப் பையன் வாண்டு, துவண்ட கீரைத்தண்டாகக் கிடந்தான். எல்லாருக்கும் ஒரே வயிற்றுப்போக்கு.

"எல்லாரும் எங்க தண்ணி குடிச்சாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

டீச்சருக்குச் சட்டென்று பொறி தட்டியது. சிட்டு படிப்பதும் அவள் பள்ளியில்தான். பள்ளிக்கூடத் தொட்டி. மழையில் கழிப்பறைக் குழி நிரம்பி, தொட்டிக்குப் போகும் குழாய்மேல் வழிந்துகொண்டிருந்தது. இன்றும் பள்ளிக்கூடம் உண்டு. தலைமை ஆசிரியருக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"என்னங்க, பிள்ளையப் பாத்துக்கோங்க. நான் ஓடிட்டு வந்துடறேன்."

"இவ இப்படிக் கிடக்கிறப்ப எங்க போற?" கணவன் அவள் கையைப் பிடித்தான்.

"அங்க இன்னும் குடிச்சிட்டு இருக்காங்க."

பிடி தளர்ந்தது. அவள் மகள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் நகர்ந்திருக்காது.

போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். குழாயடியில் பிள்ளைகள் வரிசையாக நின்று, அவள் சொல்லிக்கொடுத்தபடியே விரலிடுக்கெல்லாம் சோப்பு போட்டுத் தேய்த்தார்கள். கழுவிய கையைக் குவித்து அதே தண்ணீரை ஏந்திக் குடித்தார்கள். டீச்சர் பாய்ந்துபோய்க் குழாயை மூடினாள்.

தலைமை ஆசிரியர் ஓடிவந்தார். "மேலிடத்துல கேக்காம தொட்டிய மூட முடியாதும்மா. டெஸ்ட் பண்ணாம தண்ணி கெட்டதுன்னு எப்படிச் சொல்றது?"

"டெஸ்ட் ரிசல்ட் ஆஸ்பத்திரியில படுத்திருக்கு சார். என் பொண்ணும் அதுல ஒருத்தி."

டீச்சர் தொட்டியின் அடி வால்வைத் திருகினாள். குபுகுபுவென்று தண்ணீர் மண்ணில் ஓடியது. கடைசியில் கறுப்பாக வந்த கசடின் நாற்றத்தில் தலைமை ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தொட்டி காலி, ஆனால் மழை விட்ட வெயில் மண்டையைப் பிளந்தது, பிள்ளைகளுக்குத் தாகம். சமையல்கார அக்கா வயல் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தாள்.

"காய்ச்சணும்க்கா. நல்லாத் தளதளன்னு கொதிக்கணும்."

"எதை வச்சும்மா? காஸ் தீந்துபோச்சு. விறகெல்லாம் மழையில ஊறிக் கிடக்கு."

டீச்சர் வகுப்பறைக்குள் போய் உடைந்த பெஞ்சு ஒன்றை இழுத்து வந்தாள். ஆணி கையைக் கிழித்தும் பலகை அசையவில்லை. தலைமை ஆசிரியர் செருப்புக் காலால் மிதித்துப் பலகையைப் பெயர்த்துக் கொடுத்தார்.

தண்ணீர் கொதித்தது. ஆற மாட்டேன் என்றது. சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். டம்ளர் டம்ளராக ஆற்றி ஊற்றிக்கொண்டிருந்தபோது கணவனிடமிருந்து போன் வந்தது.

"சிட்டு கண்ணத் தொறந்துட்டா. உன்னைக் கேட்டா." அவன் குரல் இறங்கியது. "அந்த வாண்டுப் பையன்... இல்லம்மா."

டீச்சர் போனை வைத்துவிட்டு மறுபடி தண்ணீரை ஆற்ற எடுத்தாள். வரிசையில் அடுத்து நின்றவள் வாண்டுவின் அக்கா.

"டீச்சர், என் தம்பிக்கும் கொஞ்சம் குடுங்க. சாயந்தரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறேன்."

டீச்சர் அவள் டம்ளரை நிரப்பினாள். "முதல்ல நீ குடி" என்றாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். வழியில் எந்த இடத்தில் நின்று சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.